தபாலில் போகும் புகைப்படம்

நான் உயர்தரம் படித்த காலத்தில் ஒரு சஞ்சிகைக்குப் புகைப்படம் ஒன்றைத் தபாலில் அனுப்பினேன். எங்கள் உம்மம்மா திண்ணையில் இருந்து பன்பாய் இழைக்கும் படம். இருந்த ஒரே பிரதியை அனுப்பியதோடு, ஆசிரியர் கேட்பாரோ என்று நெகட்டிவ்வையும் உறைக்குள் வைத்துவிட்டேன். படம் வெளிவரவும் இல்லை, திரும்பி வரவும் இல்லை. அடுத்த நோன்புக்கு முன் உம்மம்மா மௌத்தாகிவிட்டார்.

பிழை என்னுடையதுதான். பெயரையும் விலாசத்தையும் கடிதத்தில் எழுதியிருந்தேன். படத்தின் பின்புறம் வெறுமையாக இருந்தது. பத்திரிகைக் கந்தோரில் உறையைப் பிரித்ததும் கடிதம் ஒரு கோவைக்குப் போகும், படம் பக்கம் அமைப்பவரின் மேசைக்குப் போகும். பிரிந்தபின் அது யாருடைய படம் என்று யாருக்குத் தெரியும்?

ஆகவே மாணவிகளே, முதலில் படத்தின் பின்புறத்தைக் கவனியுங்கள். உங்கள் பெயர், விலாசம், படம் எடுத்த இடம், திகதி, படத்தில் நடப்பது என்ன என்பதெல்லாம் அங்கே இருக்க வேண்டும். போல்பொயின்ற் பேனையால் அழுத்தி எழுதினால் எழுத்தின் தடம் முன்புறத்தில் மேடாகத் தெரியும். மை காயாவிட்டால் அடுத்த படத்தின் முகத்தில் ஒட்டிக்கொள்ளும். ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பின்னால் ஒட்டிவிடுவதே நல்லது. ஊசியோ கிளிப்போ குத்தவே வேண்டாம்.

பொதி செய்வதற்குப் பெரிய செலவில்லை. கடையில் பிஸ்கட் பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்கி, படத்தைவிடச் சற்றுப் பெரிதாக 2 அட்டைகள் வெட்டுங்கள். அந்த அட்டையின் உள்ளே வரிவரியாக நெளிவு இருக்கும். ஓர் அட்டையின் வரி நீளவாக்கிலும் மற்றதன் வரி குறுக்காகவும் இருக்கும்படி வைத்து, நடுவே படத்தை வையுங்கள். ஒரே பக்கமாக வைத்தால் இரண்டும் சேர்ந்தே மடியும். உறையின் மேல் விலாசத்தைப் படத்தை உள்ளே வைக்க முன்னரே எழுதிவிடுங்கள். ‘புகைப்படம், மடிக்க வேண்டாம்’ என்றும் எழுதுங்கள். பதிவுத் தபாலில் அனுப்பிப் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்துங்கள். படம் திரும்ப வேண்டுமானால் உங்கள் விலாசம் எழுதி முத்திரை ஒட்டிய உறையொன்றும் உள்ளே இருக்கட்டும்.

இப்போது நெகட்டிவ் இல்லை, கையடக்கத் தொலைபேசிதான். ஆனாலும் ஸ்டூடியோவுக்குக் கொடுக்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பிய பிரதியைக் கொடுக்காதீர்கள். அது சுருங்கிப்போன படம். 8க்கு 10 அங்குலத்தில் தெளிவாக அச்சிட ஏறக்குறைய 2400க்கு 3000 பிக்சல்கள் தேவை. மூலப் படத்தையே கொடுங்கள்.

நீங்கள் எடுத்த படத்தின் உரிமை உங்களுடையது. 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம் புகைப்படத்தையும் பாதுகாக்கிறது. எடுத்தவரின் ஆயுட்காலமும் அதன்பின் 70 ஆண்டுகளும் அந்தப் பாதுகாப்பு இருக்கும். அதற்காக எங்கும் பதிவுசெய்யத் தேவையில்லை.

ஆனால் படத்தில் இருப்பவருக்கும் ஒரு பேச்சு இருக்கிறதே. பெற்றோரும் இதைத்தான் முதலில் கேட்பார்கள். அன்று நான் கமராவைத் தூக்கியபோது உம்மம்மா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, “எடுத்தா எடு மகள், பேப்பரில போடுறதெண்டா கையை மட்டும் போடு” என்றார். சரி என்றேன். ஆசிரியருக்கு முகந்தான் பிடிக்கும் என்று நானே முடிவெடுத்து, முழுப் படத்தையும் அவருக்குச் சொல்லாமல் அனுப்பினேன். அது தொலைந்ததில் எனக்குக் கவலை. வெளிவராமல் போனதில் ஒரு நிம்மதியும் உண்டு. இந்த இரண்டையும் நான் வீட்டில் இதுவரை சொன்னதில்லை.

இப்போது யாரையாவது படம் எடுத்தால், எந்தச் சஞ்சிகைக்கு அனுப்பப் போகிறேன் என்று முதலில் சொல்லி, அவர் சம்மதித்ததைப் பின்புறத் துண்டில் ஒரு வரியாக எழுதுகிறேன். ஸ்டூடியோவில் 3 பிரதிகள் எடுப்பேன். ஒன்று சஞ்சிகைக்கு, ஒன்று எனக்கு, மற்றது படத்தில் இருப்பவரின் வீட்டுக்கு.