நெட் 3 நாளுக்கு மேல வரலையா? பில் பணத்தையும் நஷ்ட ஈட்டையும் வாங்குவது எப்படி?



சம்பளம் வந்ததும் ஆட்டோ-டெபிட்ல போற செலவுகளில் ஒன்று பிராட்பேண்ட் பில். 599 ரூபாய் பிளான் என்றால் 18% ஜிஎஸ்டி சேர்த்து கிட்டத்தட்ட 707 ரூபாய். வருஷத்துக்கு சுமார் 8,480 ரூபாய். இதில் ஒரு மாசம் பத்து நாள் நெட் வராட்டியும் முழுப் பணமும் போயிடும். அதைத் திரும்ப வாங்க வழி இருக்கு. ஆனா கேட்கிற விதத்தில் கேட்டாதான் வரும்.

முதலில் என் கதையைச் சொல்லிடறேன். 2022 நவம்பர், சென்னையில் மழை நேரம். வீட்டிலிருந்து வேலை. திங்கட்கிழமை காலையில் ரவுட்டரில் சிவப்பு லைட். அடுத்த வாரம் வெள்ளிக்கிழமைதான் சரி பண்ணாங்க. மொத்தம் 11 நாள். அதுக்குள்ள மொபைல் டேட்டா பேக் வாங்கியே 400 ரூபாய்க்கு மேல போச்சு. ஒரு நாள் மீட்டிங்கில் இருக்க முடியாம லீவு போட்டேன். லீவு கையிருப்பு இல்லாததால் அந்த நாள் சம்பளமும் போச்சு.

பில் வந்ததும் போன் பண்ணி சண்டை போட்டேன். "சார், நீங்க ஒன்பது தடவை கூப்பிட்டதா சொல்றீங்க. சிஸ்டத்துல ரெண்டு கம்ப்ளெய்ன்ட்தான் இருக்கு, ரெண்டும் க்ளோஸ் ஆயிடுச்சு"ன்னு பதில். அப்போதான் ஒரு விஷயம் புரிஞ்சது. எத்தனை தடவை போன் பண்ணினோம் என்பது கணக்கிலேயே வராது. எத்தனை புகார் எண் கையில் இருக்கு என்பதுதான் கணக்கு.

ஓம்பட்ஸ்மன்கிட்ட போகலாமா?

பேங்க் மேல் புகார் என்றால் ரிசர்வ் வங்கியின் ஓம்பட்ஸ்மன் இருக்கார். இன்ஷூரன்ஸுக்கும் தனியா ஓம்பட்ஸ்மன் இருக்கார். பிரிட்டனில் பிராட்பேண்ட் புகாருக்கே அப்படி ஒரு ஏற்பாடு உண்டு. நம்ம ஊரில் டெலிகாமுக்கு ஓம்பட்ஸ்மன் வேணும்னு பல வருஷமா பேச்சு இருக்கு. 2018-ல் வந்த தேசிய டிஜிட்டல் தொடர்பியல் கொள்கையிலேயே அது எழுதப்பட்டிருக்கு. ஆனா நான் இங்கே சொல்லப்போற வழியில் அப்படி ஒருத்தர் கிடையாது.

"அப்போ ட்ராய்க்கு எழுதலாமா?" என்று கேட்பீங்க. ட்ராய் விதிகளைப் போடும் அமைப்பு. தனி நபர் புகாரை விசாரித்து உத்தரவு போடுவது அதன் வேலை இல்லை. நமக்கு இருப்பது நாலு படிக்கட்டு. ஒவ்வொன்றா ஏறலாம்.

படி 1: கஸ்டமர் கேர், புகார் எண்ணோடு

ட்ராயின் 2012 புகார் தீர்வு விதிமுறைப்படி, ஒவ்வொரு புகாருக்கும் கம்பெனி டாக்கெட் நம்பர் கொடுத்தே ஆகணும். "டெக்னீஷியனை அனுப்பறோம் சார்" என்று போனை வைக்கப் பார்த்தால் விடாதீங்க. "டாக்கெட் நம்பர் சொல்லுங்க"ன்னு கேட்டு வாங்கிக்கோங்க. எஸ்எம்எஸ் வந்தால் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைங்க.

எவ்வளவு கேட்கலாம்? 2006 பிராட்பேண்ட் தர விதிமுறையில் இருந்த கணக்கு இது:

- பழுது 3 வேலை நாளைத் தாண்டினால்: 7 நாள் கட்டணம் கழிவு
- 7 வேலை நாளைத் தாண்டினால்: 15 நாள் கட்டணம் கழிவு
- 15 வேலை நாளைத் தாண்டினால்: ஒரு மாசக் கட்டணம் கழிவு

2024 அக்டோபர் 1-ல் இருந்து புதிய தர விதிமுறை நடைமுறைக்கு வந்தது. அதிலும் வீட்டு இணைப்பில் பழுதை 3 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் கழிவு தரணும். அதனால் 3 நாள் என்ற கோட்டை மனசில் வைங்க. அந்த நாள் எண்ணிக்கை நீங்க புகார் பதிவு செய்ததிலிருந்துதான் ஓடும். "தானா வந்துடும்"னு ரெண்டு நாள் காத்திருந்தா, அந்த ரெண்டு நாளும் உங்க கணக்கில் வராது.

படி 2: மேல்முறையீடு

பழுது சரியாகலையா? சரியானாலும் கழிவு தரலையா? அதே கம்பெனியில் மேல்முறையீட்டு அதிகாரி ஒருத்தர் இருப்பார். அவர் ஈமெயில் முகவரி கம்பெனி வெப்சைட்டில் இருக்கணும். ட்ராயின் புகார் கண்காணிப்பு போர்ட்டலிலும் தேடலாம். கட்டணம் எதுவும் இல்லை. புகாருக்கான கெடு முடிந்து 30 நாளுக்குள் போடணும். அவங்க 39 நாளுக்குள் முடிவு சொல்லணும்.

நிறைய பேர் கோட்டை விடுவது இங்கேதான். "உங்கள் புகார் தீர்க்கப்பட்டது"ன்னு எஸ்எம்எஸ் வந்ததும் அலுத்துப்போய் விட்டுடறாங்க. அந்த எஸ்எம்எஸ்தான் நீங்க மேல்முறையீட்டுக்குத் தயாராக வேண்டிய நேரம்.

நான் அனுப்பின மெயில் கிட்டத்தட்ட இப்படித்தான் இருந்தது:

"என் இணைப்பு எண் இது. இந்தத் தேதியில் இந்த டாக்கெட் எண்ணில் பழுதைப் பதிவு செய்தேன். இந்தத் தேதியில்தான் சரி செய்யப்பட்டது. இடையில் 7 வேலை நாட்களுக்கு மேல் சேவை இல்லை. ட்ராய் விதிமுறைப்படி 15 நாள் கட்டணத்தை அடுத்த பில்லில் கழிக்கவும். கழிக்க முடியாது என்றால் காரணத்தை எழுத்தில் தரவும்."

கோபம் இல்லை, கதை இல்லை. தேதி, எண், கேட்கும் தொகை அவ்வளவுதான். அடுத்த பில்லில் 299.50 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும் சேர்த்து சுமார் 353 ரூபாய் குறைஞ்சது.

படி 3: அரசுப் போர்ட்டல்

மேல்முறையீட்டிலும் நியாயம் கிடைக்கலைன்னா, மத்திய அரசின் சிபிகிராம்ஸ் போர்ட்டலில் தொலைத்தொடர்புத் துறையைத் தேர்ந்தெடுத்து புகார் போடலாம். முதல் ரெண்டு படியின் எண்களையும் கேட்பாங்க. 2024 ஆகஸ்டில் வந்த வழிகாட்டுதல்படி, இந்தப் போர்ட்டல் புகார்களை 21 நாளுக்குள் முடிக்கணும். கூடவே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கு. அவங்க உத்தரவு போட மாட்டாங்க, கம்பெனியோடு பேசி முடிக்கப் பார்ப்பாங்க. சின்னத் தொகைக்கு அதுவே போதும்.

படி 4: நுகர்வோர் ஆணையம்

கவனிங்க, மேலே சொன்ன மூணு படியிலும் எதிர்பார்க்கக்கூடியது பெரும்பாலும் கட்டணக் கழிவுதான். போன சம்பளம், வாங்கின டேட்டா பேக், மன உளைச்சல் இதுக்கெல்லாம் நஷ்ட ஈடு வேணும்னா மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குத்தான் போகணும்.

"டெலிகாம் கேஸை அங்கே எடுக்க மாட்டாங்க"ன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. 2009-ல் உச்ச நீதிமன்றம் அப்படி ஒரு தீர்ப்பு சொன்னது உண்மை. ஆனா 2022 பிப்ரவரியில் அதே உச்ச நீதிமன்றம், டெலிகாம் வாடிக்கையாளர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று தெளிவா சொல்லிடுச்சு. மாசம் சராசரியா 555 ரூபாய் பில் கட்டின ஒருத்தருக்கு திடீர்னு 24,000 ரூபாய்க்கு மேல பில் வந்த வழக்கு அது.

தெரிஞ்சுக்க வேண்டியவை:

- நீங்க கட்டின தொகை 5 லட்சத்துக்குள் இருந்தால் மாவட்ட ஆணையத்தில் கட்டணம் கிடையாது.
- நீங்க குடியிருக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ வழக்குப் போடலாம். கம்பெனி ஆபீஸ் மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை.
- பிரச்சினை நடந்து 2 வருஷத்துக்குள் போடணும்.
- வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி போர்ட்டலில் ஆன்லைனிலேயே தாக்கல் செய்யலாம்.

முதல் மூணு படியையும் முடிச்சிட்டுத்தான் போகணும்னு கட்டாயம் இல்லை. ஆனா அந்த எண்களும் மெயில்களும் இருந்தா உங்க கேஸ் பலமா நிற்கும்.

நான் ஏன் நாலாவது படி ஏறலை?

உண்மையைச் சொல்றேன். என்கிட்ட ஆதாரம் இல்லை. அன்னைக்கு லீவு போட்டது நெட் இல்லாததால்தான் என்று மேனேஜருக்கு வாய் வார்த்தையாத்தான் சொன்னேன். ஒரு மெயில் அனுப்பியிருந்தா, அந்த மாச பேஸ்லிப்பில் பிடிச்ச தொகையையும் இதையும் சேர்த்துக் காட்டியிருக்கலாம். டேட்டா பேக் ரசீதுகளையும் வைக்கலை. 353 ரூபாய் வந்தது, அதைவிடப் பல மடங்கு போனது போனதுதான்.

அதனால் நெட் போன முதல் நாளே இந்த நாலையும் செய்ங்க:

1. புகார் பதிவு செய்து டாக்கெட் எண்ணைக் குறிச்சு வைங்க.
2. ரவுட்டர் லைட்டை தினம் ஒரு போட்டோ எடுங்க.
3. வேலை பாதிச்சா மேனேஜருக்கு அன்னைக்கே மெயில் போடுங்க.
4. மாற்று ஏற்பாட்டுக்குச் செலவான ஒவ்வொரு ரசீதையும் ஒரே ஃபோல்டரில் போடுங்க.

ஒரு எச்சரிக்கை

கோபத்தில் "பில் கட்ட மாட்டேன்"னு மட்டும் உட்காராதீங்க. சில டெலிகாம் கம்பெனிகள் போஸ்ட்பெய்டு பாக்கியை கிரெடிட் பீரோவுக்குத் தெரிவிக்கறாங்க. 700 ரூபாய் தகராறு, நாளைக்கு வீட்டுக் கடன் கேட்கப் போகும்போது குறுக்கே வந்து நிற்கக் கூடாது. "ஆட்சேபத்தோடு கட்டுகிறேன்"னு ஒரு மெயில் போட்டுட்டு பில்லைக் கட்டுங்க, கழிவைத் தனியா கேளுங்க.

353 ரூபாய்க்கு இவ்வளவு மெனக்கெடணுமான்னு தோணலாம். மேல்முறையீட்டு மெயில் எழுத எனக்கு ஆனது இருபது நிமிஷம். அந்த நேரத்தில் 353 ரூபாய் சம்பாதிக்கிறவங்க நம்மில் எத்தனை பேர்? இன்னைக்கே உங்க கம்பெனியின் மேல்முறையீட்டு ஈமெயிலைத் தேடி போனில் சேவ் பண்ணி வைங்க. நெட் போனதுக்கு அப்புறம் அதைத் தேடவும் நெட்தான் வேணும்!