இரட்டைக் குழலா, பம்பா?

துப்பாக்கி லைசென்சு கையில் கிடைத்ததும், 'பம்ப் வாங்கலாமா, இரட்டைக் குழல் வாங்கலாமா?' என்று விசாரிக்கும் அன்பர்கள் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் இன்றும் உண்டு. தானிய மண்டி வைத்திருப்போரும், வெள்ளிக் கொலுசுப் பட்டறை நடத்துவோரும், சேர்வராயன் அடிவாரத்தில் பூமி உடையோரும் அவர்களில் அடக்கம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் வேட்டை என்பது பெரியவர்களின் ஞாபகத்தில் மட்டுமே எஞ்சிய விநோதமாகிவிட்டபடியால், நாம் வாங்கப்போவது வருஷம் முழுவதும் பீரோவில் உறங்கும் துப்பாக்கியே என்பதை மனத்திற் கொண்டுதான் அதன் நம்பகத்தை எடைபோட வேண்டும்.

பம்ப் துப்பாக்கியின் கீர்த்தி பொய்யன்று. ஜான் பிரௌனிங் என்னும் மேதை வகுத்த 1897ஆம் வருஷத்து வின்செஸ்டரும், 1950இல் வெளிவந்து கோடிக்கு மேல் விற்ற ரெமிங்டன் 870உம் அமெரிக்கக் குடியானவனின் வீட்டுச் சாமான்கள். முன்கட்டையைப் பின்னுக்கு இழுத்தால் சுட்ட கூடு தெறித்து விழுகிறது. முன்னுக்குத் தள்ளினால் அடுத்த தோட்டா குழலேறுகிறது. கைப்பலத்தாலேயே இயங்குவதால், தோட்டாவின் வலு சற்றுக் குன்றினாலும் யந்திரம் நிற்பதில்லை. ஆனால் அந்தக் கை பழகிய கையாக இருக்க வேண்டும். புகழ்ந்து பேசுவோர் அதை மட்டும் சொல்லாமல் விட்டுவிடுகிறார்கள்.

என் பெரியப்பா அதை அனுபவத்தில் கண்டார். வேட்டைக்குத் தடையில்லாத நாளில், நாமக்கல் பக்கத்துக் கொல்லைக்காட்டில் கௌதாரிக் கூட்டம் எழும்பியபோது முதல் வெடி தவறிற்று. பதற்றத்தில் அவர் முன்கட்டையை முக்கால் தூரமே இழுத்துத் தள்ள, சுட்ட கூடு வெளியேறாமலும் புதிய தோட்டா உள்ளேறாமலும் இரண்டும் வாயில் குறுக்கே சிக்கிக்கொண்டன. வரப்பில் உட்கார்ந்து, குழலைத் தரைப்பக்கம் சாய்த்து அவற்றை நோண்டி எடுத்து முடிப்பதற்குள் கௌதாரிகள் அடுத்த ஊர் எல்லையைத் தாண்டியிருந்தன. வீட்டுக்கு வந்து பார்த்தால், தோட்டாக்கள் காகிதக் கூடாகையால் ஐப்பசி ஈரத்தில் ஊதியிருந்தன. போதாக்குறைக்கு, அவர் ஆசையோடு தடவிவந்த தேங்காய் எண்ணெய் உள்ளே பிசினாக உறைந்து கிடந்தது. (தையல் மெஷின் எண்ணெய் ஒரு சொட்டு போதும் என்று சொன்னால் அவருக்குக் கோபம் வரும்.)

இரட்டைக் குழலிலோ ஒளிவுமறைவு இல்லை. மடக்கித் திறந்தால் இரண்டு தோட்டாக்களும் கண்ணுக்குத் தெரியும். ஊதிய தோட்டா நுழைய மறுத்து முன்கூட்டியே எச்சரித்துவிடும். இடக்குழல் வெடிக்காவிட்டாலும் வலக்குழல் இருக்கிறது. பழைய சீமைத் துப்பாக்கியாயின் தோட்டா அறை 65 மில்லிமீட்டரா 70ஆ என்று தேர்ந்தவரிடம் அளந்து பாருங்கள். குட்டை அறையில் நீளத் தோட்டாவை வெடித்தால் குழலில் அழுத்தம் அபாயகரமாக ஏறும். பூட்டின் கீலில் ஆட்டம் கண்டிருந்தால், விலை எவ்வளவு மலிவானாலும் வேண்டாம்.

1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் பயிர்க்காவலுக்கு முதலில் சுட்டுவது வாய்வழி மருந்து கெட்டிக்கும் துப்பாக்கியை; மழைக்கு நமத்துப்போகும் கரிமருந்தை நம்புவோர் நம்பட்டும். தற்காப்புக்கு அச்சட்டம் குறிப்பது 20 அங்குலத்துக்குக் குறையாத வழவழப்பான குழல்; வெளிநாட்டுப் பம்புகளில் 18 அங்குலமும் உண்டாகையால் அளவுகோலின்றிக் கடைக்குப் போகாதீர்கள். அயல்நாட்டுத் துப்பாக்கி இறக்குமதி 1980களிலேயே அடைபட்டுவிட்டமையால், பழைய பம்பில் ஒரு கொக்கி முறிந்தால் மாற்றுக் கொக்கிக்கு அலைய வேண்டும்.

ரைபிள் கிளப்பில் சேர்ந்து மாதந்தோறும் சுட்டுப் பழகுகிறவர் பம்ப் வாங்கலாம். மற்றவர்களுக்கு, அதாவது நம்மில் அநேகருக்கு, இரட்டைக் குழலே தக்கது. எதை வாங்கினாலும், தேர்தல் சமயத்தில் போலீஸ் நிலையத்தில் ஒப்படைக்கச் சொன்னால், துடைத்து எண்ணெயிட்டுக் கொடுத்து, ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.