மருந்து செலுத்திச் செய்யும் இருதயப் பரீட்சை

பெரிய ஆஸ்பத்திரிக்குச் சென்று திரும்பும் நம் அங்கத்தினர்களிடையே, "ஊசி போட்டு இருதயத்தை ஓட வைக்கிறார்களாம்" என்ற பேச்சு வழங்கி வருகிறது. இதைக் கேட்டு அஞ்சி, வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டவர்களும் உண்டு. வேறு சிலர் இதனையே ஒரு சிகிச்சை எனக் கருதி, பரீட்சை முடிந்ததும் நோய் தீர்ந்ததாக எண்ணி விடுகின்றனர். இரண்டும் பிசகு. ஆகவே இப்பரீட்சை எதன் பொருட்டுச் செய்யப்படுகிறது, அதற்குச் செல்வோர் எவற்றை எதிர்பார்க்கலாம் என்பதை இம்மாதப் பாடமாக எடுத்துக்கொள்கிறோம்.

தூர்ந்துபோன வாய்க்கால் ஒன்றை நினைத்துக்கொள்வோம். தண்ணீர்த் தேவை குறைந்த நாட்களில் அதன் குறை வெளிப்படுவதில்லை. கடைமடை வயலுக்கும் ஈரம் எட்டி விடுகிறது. எல்லா மடைகளையும் ஒருங்கே திறக்கும் நாளில்தான் எங்கே மண் அடைத்திருக்கிறது என்பது தெரிய வரும். இருதயத்தின் தசைக்கு ரத்தம் ஊட்டும் குழாய்களும் இவ்வாறே. உட்புறம் கொழுப்புப் படிந்து குறுகிய குழாயும், உடல் ஓய்ந்திருக்கையில் வேண்டிய ரத்தத்தைக் கொடுத்துவிடும். ஓய்வில் எடுத்த இ.சி.ஜி. படமும் பழுதின்றி இருக்கக்கூடும். இருதயத்தின் வேலை மிகும்போதே குறை புலப்படும்.

அவ்வேலையை மிகச் செய்வதற்குச் சாதாரண வழி, ஓடும் பட்டையின் மேல் நடக்கச் செய்தல். அமெரிக்க வைத்தியர் ராபர்ட் புரூஸ் 1963-இல் வெளியிட்ட முறைப்படி 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை பட்டையின் வேகமும் ஏற்றமும் கூட்டப்படும். நடக்க இயன்றவருக்கு இதுவே ஏற்றது. ஆனால் முழங்கால் தேய்ந்தவர், பக்கவாதத்தால் கால் தளர்ந்தவர், கால் இழந்தவர் ஆகியோர் எவ்வாறு நடப்பர்? இத்தகையோருக்கே மருந்து.

மருந்துகள் இரு வகைப்படும். டோபூடமின் என்பது இருதயத்தை விரைவாகவும் வலுவாகவும் துடிக்கச் செய்யும். அடினோசின், ரெகாடினோசன் போன்றவை துடிப்பை விரட்டுவதை விட, ரத்தக் குழாய்களை விரியச் செய்பவை. நல்ல குழாய் நன்கு விரிந்து மிகுந்த ரத்தத்தைக் கொண்டு செல்லும். அடைப்புள்ள குழாய் அவ்வாறு செய்ய இயலாது. இந்த ஏற்றத்தாழ்வு படத்தில் விழும். இழுப்பு நோய் உள்ளவருக்கு இரண்டாம் வகை மருந்து மூச்சுக் குழலை இறுக்கக்கூடுமாதலால், அந்நோயை முன்னரே சொல்லிவிடுதல் அவசியம்.

இங்கே ஒரு சிறு விஷயத்தை விரித்துச் சொல்ல வேண்டியிருக்கிறது. நம்மவர்கள் தவறுவது இதில்தான். விடியற்காலையில் பஸ் ஏறும் முன் ஒரு டீ குடித்துச் செல்வது நமக்கு இரண்டாம் இயல்பு. டீ, காபி, கோலா பானங்கள், சாக்லேட் ஆகியவற்றில் உள்ள காபீன் என்ற சத்து, அடினோசின் வகை மருந்து வேலை செய்ய வேண்டிய இடத்திலேயே குறுக்கே நிற்கிறது. மருந்து செலுத்தியும் குழாய்கள் சரிவர விரியா. அடைப்பு இருந்தும் படம் நன்றாக வந்துவிடும்! நோயாளியோ, "எனக்கு ஒன்றுமில்லை" என்று மகிழ்ந்து ஊர் திரும்புவார். ஆதலின் 12 மணி முதல் 24 மணி நேரம் வரை, ஆஸ்பத்திரியார் சொல்லும் கெடுவுக்குள் இவற்றை விலக்க வேண்டும். காபீன் நீக்கியதாக விற்கும் காபியிலும் சிறிது உண்டு. சில தலைவலி மாத்திரைகளிலும் உண்டு. மறந்து குடித்துவிட்டால் மறைக்காது சொல்லிவிடுக. பரீட்சை வேறு நாளுக்குத் தள்ளிப் போகலாம். ஒரு நாள் கூலியும் பஸ் செலவும் போகும். பொய்யான நல்ல செய்தியால் நேரும் நஷ்டம் அதனினும் பெரிது.

மெட்டோபுரோலால், அட்டினலால் முதலிய மாத்திரைகள் இருதயத் துடிப்பை அடக்குபவை. டோபூடமின் பரீட்சைக்கு முன் இவற்றைச் சில வைத்தியர்கள் நிறுத்தச் சொல்வர். அவர்கள் சொன்னால் மட்டுமே நிறுத்தலாம். தாமாக நிறுத்துவது ஆபத்து. சில மணி நேரம் பட்டினி இருக்க வேண்டுமாகையால், நீரிழிவுக்கு இன்சுலின் போடுவோர் அன்றைய அளவைக் கேட்டறிந்து கொள்ள வேண்டும்.

இனி, பரீட்சை அறையில் நடப்பது. கையில் ஒரு சிறு ஊசிக்குழாய் பொருத்தி, மார்பில் இ.சி.ஜி. கம்பிகளை ஒட்டுவர். டோபூடமின் முறையில் இடப்பக்கம் ஒருக்களித்துப் படுக்கவைத்து, ஒலி அலைகளால் இருதயத்தைப் படம் பிடிப்பர். பிறகு மருந்து சொட்டத் தொடங்கும். 3 நிமிஷத்துக்கு ஒரு தடவை அளவு கூட்டப்படும். 220-இல் வயதைக் கழித்து, வருவதில் நூற்றுக்கு 85 பங்கு என்பது குறியளவு. 60 வயதினருக்கு நிமிஷத்துக்கு 136 துடிப்பு. அது எட்டாவிடில் அட்ரோபின் என்ற மருந்தும் சேர்ப்பர். கண் அழுத்த நோயோ, சிறுநீர் அடைப்போ உள்ளவர் முன்னரே தெரிவிக்க வேண்டும்.

படுத்திருக்கும்போதே ஓடிக் களைத்தவர்போல் நெஞ்சு படபடக்கும். உடல் சூடாகும், கை நடுங்கும், தலை வலிக்கலாம். அடினோசின் முறையில் முகம் சிவந்து, மார்பு அழுத்தி, மூச்சு முட்டுவதுபோல் தோன்றும். மருந்தை நிறுத்திய ஓரிரு நிமிஷங்களில் இது அடங்கும். ரெகாடினோசனின் வேகம் சற்று நேரம் நீடிக்கும். வேண்டுமாயின் அமினோபிலின் கொடுத்து முறிப்பர். டோபூடமின் தணிவதற்குச் சில நிமிஷங்கள் பிடிக்கும். அதற்கும் மாற்று மருந்து பக்கத்திலேயே இருக்கும்.

வலியை வாய்விட்டுச் சொல்லாது பொறுத்தலை நாம் பெருமையாகக் கருதிப் பழகியவர்கள். இவ்வறையில் அப்பெருமை உதவாது. நெஞ்சு வலி, தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, மயக்கம், இவற்றுள் எது தோன்றினும் அக்கணமே சொல்ல வேண்டும். வைத்தியர் கேட்பதற்குக் காத்திராதீர்கள். இது தேறவேண்டிய பரீட்சை அன்று; வலி தோன்றிய நேரமும் அவர்கள் குறித்துக்கொள்ளும் ஒரு விவரமே. கையொப்பம் கேட்கும் சம்மதப் பத்திரத்தில் மாரடைப்பு, துடிப்புக் கோளாறு என்ற சொற்கள் இருக்கும். அவை அபூர்வமாகவே நேர்வன. நேர்ந்தால் கவனிக்கவே வைத்தியரும் கருவிகளும் உடனிருக்கின்றனர்.

ஒலி அலை முறை ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் முடியும். கதிரியக்கப் பொருளைச் சிறிதளவு செலுத்திப் படம் எடுக்கும் முறையாயின், ஓய்வில் ஒன்றும் மருந்துக்குப் பின் ஒன்றுமாக இரு படங்கள் வேண்டியிருப்பதால், அரை நாளோ இரண்டு நாட்களோ ஆகலாம். இம்முறைக்குக் கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் தம் நிலையை முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

முடிவு நன்றாக இருந்தால், ரத்த ஓட்டத்தைத் தடுக்கும் அளவு பெரிய அடைப்பு இருக்க வாய்ப்புக் குறைவு என்று பொருள். சிறு படிவுகளை இப்பரீட்சை காட்டாது. எனவே பீடி, சிகரெட்டுக்கு இஃது அனுமதிச் சீட்டு ஆகாது. குறை தெரிந்தால் உடனே அறுவை என்றும் பொருளில்லை. மருந்து மாற்றமோ, ஆஞ்சியோகிராம் படமோ அடுத்த படி. நிறுத்தச் சொன்ன மாத்திரையை எந்த வேளையிலிருந்து மீண்டும் தொடங்குவது என்பதை ஆஸ்பத்திரியை விட்டுப் புறப்படும் முன் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ள வேண்டும்.