மூன்று மாதம் என்பது நினைவிருக்கட்டும்

மீனாட்சிக்கு,

திருப்பூரில் ஏற்றுமதிக் கம்பெனி ஒன்றில் மெர்ச்சண்டைசர் உத்தியோகம் உனக்குக் கிடைத்திருப்பதாக உன் அம்மா எழுதியதைப் படித்துப் பரம சந்தோஷம் அடைந்தேன். ஆயினும், ஷிப்மெண்ட் நெருங்கும் நாட்களில் இரவு வெகுநேரம் ஆபீசில் இருக்க நேரிடும் என்று அவள் கவலையோடு சேர்த்திருந்த வரி, பணியிடத்தில் பெண்களுக்கு நேரும் பாலியல் தொந்தரவுப் புகார்களை விசாரிக்கும் குழுக்களில் வெளி உறுப்பினராகச் சில காலம் அமர்ந்திருந்தவள் என்ற முறையில், இக்கடிதத்தை எழுதும்படி என்னைத் தூண்டிற்று.

இன்று உனக்குக் காவலாக இருக்கும் சட்டம் எப்படி வந்தது என்பதை முதலில் சொல்கிறேன். ராஜஸ்தானத்தில் பட்டேரி என்னும் கிராமத்தில் அரசாங்கத் திட்டமொன்றின் ஊழியராக இருந்து, ஒரு பால்ய விவாகத்தைத் தடுக்க முயன்றதற்காக 1992-ல் பலாத்காரக் கொடுமைக்கு ஆளான பன்வாரி தேவியின் வழக்கில், குற்றம் சாட்டப்பட்டவர்களுக்குக் கீழ்க்கோர்ட்டு அந்தக் குற்றத்திலிருந்து விடுதலை அளித்துவிட்டது. பன்வாரி தேவிக்கு நேர்ந்த கொடுமையை முன்னிட்டுப் பெண்கள் அமைப்புகள் தொடுத்த விசாகா வழக்கில், பணியிடத்துப் பாலியல் தொந்தரவைத் தடுக்க 1997-ல் சுப்ரீம் கோர்ட்டு வகுத்த நெறிகளே 2013-ல் பாராளுமன்றத்தின் சட்டமாக உருக்கொண்டன. உத்தியோகம் பார்க்கும் பெண்கள் நியாயம் கேட்டுக் கோர்ட்டுக்குப் போனது அதற்கும் முன்னாலேயே உண்டு. இந்திய வெளியுறவு சேவையில் இருக்கும் பெண் அதிகாரி விவாகம் செய்துகொள்ள அரசாங்கத்தின் எழுத்துபூர்வமான அனுமதியைப் பெற வேண்டும் என்றிருந்த விதியை எதிர்த்து, அச்சேவையில் சேர்ந்த முதல் பெண்மணியான முத்தம்மா 1979-ல் அதே கோர்ட்டின் படியேறினார். ஆண்களுக்கு அப்படியொரு விதி இருந்ததில்லை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ!

தொட்டால்தான் குற்றம் என்று எண்ணிவிடாதே. ஆபாசப் பேச்சும், அசிங்கமான படத்தைக் காட்டுவதும், பதவி உயர்வை ஆசை காட்டியோ வேலை போய்விடும் என்று மிரட்டியோ இணங்கச் சொல்வதும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி குற்றங்களே; இரவில் உன்னை வீட்டில் கொண்டுவந்து விடும் கம்பெனி வண்டியும் பணியிடமே. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், மூத்த பெண் ஊழியர் தலைமையில், பாதிக்குக் குறையாமல் பெண்களும் வெளியார் ஒருவரும் அடங்கிய உள்ளகக் குழு இருந்தாக வேண்டும். முதலாளியின் பேரிலேயே புகார் என்றால் மாவட்டத்தின் உள்ளூர்க் குழுவிடம் போகலாம். குழு அமைக்காத முதலாளிக்கு அபராதம் ஐம்பதாயிரம் ரூபாய் வரை. கண்டெய்னர் கண்டெய்னராகச் சரக்கு அனுப்புகிறவருக்கு அது ஒரு பொருட்டா என்பது என் நெடுநாளைய சந்தேகம்.

நான் கண்ட பெரிய சங்கடம் காலக்கணக்கில்தான். சம்பவம் நடந்து, அல்லது தொடர்ந்து நடந்தவற்றில் கடைசிச் சம்பவம் நடந்து, மூன்று மாதத்துக்குள் புகாரை எழுத்தில் கொடுத்துவிட வேண்டும். தகுந்த காரணம் இருந்தால் குழு மேலும் மூன்று மாதம் வரை நீட்டித்துத் தரலாம். ஒரு பெண் தன் மனுவில் 'கொஞ்ச காலமாகவே சூபர்வைசர் தொல்லை கொடுக்கிறார்' என்று மட்டும் எழுதியிருந்தாள். அருவருப்பு தாங்காமல் அவனுடைய வாட்ஸ்அப் செய்திகளையும் அழித்துவிட்டிருந்தாள். தேதிகளைத் தேடி, வருகைப் பதிவேட்டைப் புரட்டிப் புரட்டி ஒரு முழுப் பிற்பகலும் கழிந்தது. ஆகையால், என்ன நடந்தாலும் அன்றிரவே தேதி, நேரம், அருகிலிருந்தவர் பெயர் ஆகியவற்றை ஒரு நோட்டில் குறித்து வை. செய்தி எதையும் அழிக்காதே.

'அனுசரித்துப் போம்மா' என்று புத்தி சொல்ல ஆபீசில் ஒருவர் நிச்சயம் இருப்பார். சமரசம் என்பது பாதிக்கப்பட்டவள் தானாகக் கேட்டால் மட்டுமே. அதிலும் பணம் கொடுத்துத் தீர்ப்பதற்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. நிரூபிக்க முடியாமல் போனால் உன்னையே தண்டிப்பார்கள் என்று பயமுறுத்தினால் நம்பாதே. துவேஷத்தால் பொய்ப் புகார் கொடுத்தாள் என்பது விசாரணையில் தனியே நிரூபணமானால்தான் நடவடிக்கை. விசாரணை முடியத் தொண்ணூறு நாள் அவகாசம் உண்டு. அதற்கிடையில் புகாருக்கு ஆளானவனையோ உன்னையோ வேறிடத்துக்கு மாற்றும்படியும், உன் வேலையைப் பற்றிய மதிப்பீட்டை அவன் எழுதாதிருக்கும்படியும் நீ கேட்கலாம். போலீசுக்குப் போகும் உரிமையும் உனக்கு உண்டு.

குழு உறுப்பினர் பெயர்களை எல்லோர் கண்ணிலும் படும்படி ஒட்டிவைக்க வேண்டும் என்பதும் சட்டமே. வேலையை விட்டுப் போனவர்களின் பெயர்கள் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த பலகையை நான் பார்த்ததுண்டு. நீ சேரும் முதல் வாரத்திலேயே உன் கம்பெனியின் பலகையைத் தேடிப் பார்த்து, அந்தப் பெயர்களையும், வெளி உறுப்பினர் எந்த அமைப்பைச் சேர்ந்தவர் என்பதையும் எனக்கு எழுது.

இப்படிக்கு,
உன் பெரியம்மா