அதிதி என்னும் சொல்லின் பொருளும் விதியும்

விழா மடல்களில் சிலர் 'அதிதிகள்' என்று அச்சிடக் காண்கிறோம். நாளும் நேரமும் குறித்துப் பெயரிட்டு அழைக்கப்பட்டோரை அச்சொல்லால் சுட்டுவது வியப்பே. திதி இல்லாதவர், அதாவது வரும் நாள் வரையறுக்கப்படாதவர் என்பதே அதன் பொருள். தத்துவார்த்த சூத்திரத்திற்குச் சர்வார்த்தசித்தி என்னும் உரை கண்ட பூஜ்யபாதர், சம்யமம் கெடாதவாறு நடந்து வருபவர் என்று மற்றொரு பொருளும் உரைப்பார். தமிழில் 'விருந்து' என்பதும் முதலில் புதுமையையே குறித்தது. உறவினரெல்லாம் விருந்தினர் ஆனது பின்னை வழக்கு.

இனி விதியைக் காண்போம். இல்லறத்தார்க்குரிய பன்னிரு விரதங்களுள் இறுதியாக வைக்கப்பெற்றது அதிதி சம்விபாகம். சம்விபாகமாவது முறையான பங்கீடு. பங்கிடுவதற்கு முதற்கண் நமக்கென ஒரு பொருள் இருத்தல் வேண்டுமன்றோ? நம் இல்லத்தார் உண்பதற்கெனத் தூய்மையாக ஆக்கிய உணவில் ஒரு கூறு அளிப்பதே இவ்விரதம். முனிவர்க்கென்றே தனியே சமைத்தது உத்திட்டம் எனப்படும். அது அவருக்கு விலக்கு. பதினோராம் படிநிலையில் நிற்கும் சிராவகரும் அதனை ஏலார். ஆதலின், முனிவர் வரும் நாளில் மட்டும் தூய்மை பேணும் அடுக்களை இவ்விரதத்திற்கு உதவாது. இதனை நம் இல்லத்தரசியர் சிறப்பாக நினைவிற் கொள்ள வேண்டும்.

அங்ஙனமாயின் அழைப்பதே இல்லையா என்று பிள்ளைகள் வினவுவர். முன்னாளில் சென்று "நாளை எம் இல்லத்திற்கு" என அழைத்தல் முறையன்று. ஆகார வேளையில் வாயிலில் நின்று, முனிவர் அணுகுங்கால் "நமோஸ்து" என வணங்கி, "இங்கு நின்றருள்க" என வேண்டி எதிர்கொள்ள வேண்டும். ஒன்பது வகை பக்தியுள் இதுவே முதலாவது. முனிவர் தம் உள்ளத்தில் ஒரு நியமம் கொண்டு வருவதுண்டு. அது அமைந்த வாயிலில் நிற்பார். எங்கும் அமையாவிடின் அன்று உண்ணாமலே திரும்புவார்.

இவ்விரதத்திற்குக் குற்றங்கள் ஐந்து. உயிருள்ள பசிய இலைமேல் உணவை வைத்தல், அத்தகையதால் மூடுதல் ஆகியன முதலிரண்டு. உரை கூறுவது தாமரை இலை போன்றவற்றை; நம் வாழையிலையும் அவ்வினமே என்பது எம் கருத்து. தாம் ஈயாது பிறரைக் கொண்டு ஈதல், வேளை தவறி ஈதல் என்பனவும் உள. எஞ்சியது மாற்சரியம். மதிப்பின்றி ஈதலும், ஈந்த பிறரது சிறப்பைப் பொறாமையும் அதில் அடங்கும். முனிவர் நம் வாயிலைக் கடந்து அடுத்த வீட்டில் நின்றபோது நம் முகம் வாடிற்றெனில், குற்றம் இதுவே.