பாட்டரித் தெளிப்பான்: பராமரிப்பும் பழுது பார்த்தலும்

நெற்பயிரில் புகையான் பரவத் தொடங்கிவிட்டால் ஓரிரு நாள் தாமதமும் மகசூலைப் பாதிக்கும். அந்த நேரத்தில் பாட்டரித் தெளிப்பான் ஓடாமல் நின்றுவிட்டால் விவசாயிக்கு இரட்டை நஷ்டம். பயிரும் கெடுகிறது, பழுது என்னவென்று பார்க்காமலே புது பாட்டரிக்குப் பணமும் செலவாகிறது. பல சமயங்களில் கோளாறு பாட்டரியில் இருப்பதில்லை. பியூஸ், ஒயர் இணைப்பு, அடைத்துக்கொண்ட நாசில் ஆகியவற்றில் ஒன்றாகவே இருக்கும்.

எந்த வகை பாட்டரி?

முதுகில் சுமக்கும் 16 லிட்டர் தெளிப்பான்களில் இரு வகை பாட்டரிகள் வருகின்றன. ஒன்று, நெடுங்காலமாகப் பழக்கத்தில் உள்ள ஈய அமில பாட்டரி. மற்றது லித்தியம் பாட்டரி. லித்தியம் அயனி பாட்டரி 1991-ம் ஆண்டு ஜப்பானில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. 12 வோல்ட், 8 ஆம்பியர்-மணி ஈய பாட்டரி 2 கிலோவுக்கு மேல் கனக்கும். அதே திறனுள்ள லித்தியம் பாட்டரி ஏறத்தாழ 1 கிலோதான்.

லித்தியத்திலும் இரு பிரிவு உண்டு. லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகையில் 4 செல்கள் வரிசையாக இணைக்கப்பட்டிருக்கும், இதை 14.6 வோல்ட் வரை சார்ஜ் செய்யலாம். சாதாரண லித்தியம் அயனி வகையில் 3 செல்கள். இதன் உச்ச வரம்பு 12.6 வோல்ட். பாட்டரியின் மேல் ஒட்டியுள்ள சீட்டில் 12.8 வோல்ட் என்றிருந்தால் முதல் வகை, 11.1 வோல்ட் என்றிருந்தால் இரண்டாம் வகை என்று அறியலாம்.

சார்ஜரை மாற்றக் கூடாது

ஈய பாட்டரியின் சார்ஜர் 14 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும். அதை 12.6 வோல்ட் வரம்புள்ள லித்தியம் பாட்டரிக்குப் போட்டால் செல்கள் அளவுக்கு மேல் சார்ஜ் ஆகிச் சூடேறித் தீப்பிடிக்கலாம். உள்ளே இருக்கும் காப்புப் பலகை மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும் என்றாலும், அது பழுதாகியிருந்தால் காப்பு இல்லை. பிளக் பொருந்துகிறது என்பதற்காக அடுத்த வீட்டுச் சார்ஜரை வாங்கிப் போடுவது ஆபத்து. எந்தத் தெளிப்பானுடன் வந்ததோ அந்தச் சார்ஜரையே பயன்படுத்த வேண்டும்.

வெயிலில் வேலை செய்து சூடாக இருக்கும் பாட்டரியை உடனே சார்ஜ் செய்யாமல் நிழலில் வைத்து ஆறவிட வேண்டும். வைக்கோல், சாக்கு, மண்ணெண்ணெய் ஆகியவற்றின் அருகிலோ, இரவில் எல்லோரும் தூங்கும் அறையிலோ சார்ஜ் செய்யக் கூடாது.

பழுதைக் கண்டறியும் முறை

முதலில் தெளிப்பானை நல்ல தண்ணீரால் கழுவி மருந்தை நீக்க வேண்டும். கழுவும்போது பாட்டரிப் பெட்டிக்குள் தண்ணீர் புகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கையுறை அணிவது நலம். பிறகு கீழ்க்கண்ட வரிசையில் சோதிக்கலாம். சாதாரண மல்டிமீட்டர் ஒன்று போதும்.

1. மோட்டார் சிறிதும் ஓடவில்லை: பியூஸைப் பார்க்கவும். எரிந்திருந்தால் அதே ஆம்பியர் அளவுள்ளதையே போட வேண்டும். கம்பியைச் சுற்றி ஒப்பேற்றினால் ஒயர் கருகும். அடுத்து, இணைப்பு முனைகளில் பச்சைக் களிம்பு பிடித்திருந்தால் உப்புத்தாளால் தேய்த்துத் துடைக்கவும்.

2. இணைப்புகள் சரியாக உள்ளன, ஆனாலும் ஓடவில்லை: பாட்டரி முனையில் வோல்ட் அளக்கவும். முழுச் சார்ஜில் ஓய்வாக உள்ள ஈய பாட்டரி 12.7 வோல்ட் அளவில் காட்டும், 11.8-க்குக் கீழ் என்றால் காலி. லித்தியம் பாட்டரி 0 அல்லது ஓரிரு வோல்ட் காட்டினால் காப்புப் பலகை துண்டித்திருக்கலாம். உரிய சார்ஜரில் இணைத்தால் பெரும்பாலும் மீண்டும் உயிர் பெறும். பெறாவிட்டால் வேறு பாட்டரியோடு இணைத்து உசுப்பக் கூடாது.

3. மோட்டார் ஓடுகிறது, மருந்து பீய்ச்சவில்லை: பாட்டரியைக் குறை சொல்ல வேண்டாம். டேங்க் வடிகட்டி, கைப்பிடி வடிகட்டி, நாசில் ஆகியவற்றைக் கழற்றிக் கழுவவும். நாசிலை வாயால் ஊதுவதும் கம்பியால் குத்துவதும் தவறு.

4. சிறிது நேரம் ஓடி நிற்கிறது: மோட்டார் ஓடும்போதே வோல்ட் அளக்கவும். ஈய பாட்டரி முழுச் சார்ஜுக்குப் பின்னும் சட்டென்று 11 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கினால் அதன் ஆயுள் முடிந்தது. லித்தியம் பாட்டரி திடீரென நின்றுபோனால் ஏதோ ஒரு செல் பலவீனமாகியிருக்கலாம், அல்லது பம்ப் இறுகி அதிக மின்சாரம் இழுக்கலாம். கைப்பிடியை மூடியதும் மோட்டார் நிற்பது மட்டும் பழுதல்ல. அழுத்த ஸ்விட்ச் செய்யும் வேலை அது.

திறன் கணக்கு

8 ஆம்பியர்-மணி பாட்டரியில் இருந்து மோட்டார் 2.5 ஆம்பியர் எடுத்தால் ஏறத்தாழ 3 மணி நேரம் ஓட வேண்டும். வாங்கிய புதிதில் ஒரு சார்ஜில் எத்தனை டேங்க் தெளிக்க முடிந்தது என்று குறித்து வைக்க வேண்டும். 20 டேங்க் ஓடிய இடத்தில் 10 டேங்க்தான் ஓடுகிறது என்றால் திறன் பாதியாகிவிட்டது. பாட்டரியை மாற்ற இந்தக் கணக்கே சரியான சாட்சி.

பருவம் முடிந்த பின்

இங்கு இரு வகைக்கும் முறை நேர் எதிர். ஈய பாட்டரியை முழுச் சார்ஜ் செய்து வைத்து, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை மீண்டும் சார்ஜ் செய்ய வேண்டும். காலியாக விட்டால் தகடுகளில் ஈய சல்பேட் இறுகி, பிறகு சார்ஜ் ஏறாது. லித்தியம் பாட்டரியை ஏறக்குறையப் பாதிச் சார்ஜில் வைத்து, மூன்று மாதத்துக்கு ஒரு முறை அளந்து பார்த்தால் போதும். இரண்டையும் தெளிப்பானிலிருந்து கழற்றி, தகரக் கொட்டகையின் வெப்பம் படாத உலர்ந்த இடத்தில் வைக்க வேண்டும்.

அபாய அறிகுறிகள்

லித்தியம் பாட்டரி உப்பினாலோ, சீறும் ஓசை அல்லது இனிய வாடை வந்தாலோ உடனே மெயின் ஸ்விட்சை நிறுத்த வேண்டும். புகை வராத நிலையில் மட்டும் அதை வெட்டவெளிக்கு எடுத்துச் செல்லலாம். தீப்பற்றினால் மின் இணைப்பு நின்றதை உறுதி செய்துகொண்டு, தூரத்திலிருந்து நிறையத் தண்ணீர் ஊற்றிக் குளிர்விக்க வேண்டும். புகை நச்சுத்தன்மை உடையது. லித்தியம் பாட்டரியைப் பிரித்துப் பற்றவைக்க வீட்டில் முயலக் கூடாது.

கழித்த பாட்டரியைக் கிணற்றடியிலோ வாய்க்காலிலோ எறியவும் கூடாது, எரிக்கவும் கூடாது. 2022-ம் ஆண்டின் பாட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி, பயன்படுத்தியவர் அதை மற்றக் குப்பையோடு சேர்க்காமல் தனியே ஒப்படைக்க வேண்டும். பழைய ஈய பாட்டரிக்குக் கடையில் விலையும் கிடைக்கும்.

அடுத்த தெளிப்புக்கு ஒரு வாரம் முன்பே நல்ல தண்ணீர் ஊற்றி ஒரு டேங்க் ஓட்டிப் பார்ப்பது சிறந்தது. பழுது இருந்தால் பூச்சி வருமுன் சரிசெய்துகொள்ளலாம்.