கடல் கடக்கும் கைப்பேசி

மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்வழி நான் ஜப்பான் சென்றபோது, விமான நிலையத்திலேயே சிங்கப்பூர் சிம் அட்டையைக் கழற்றிவிட்டு அந்நாட்டு அட்டையைப் பொருத்தினேன். கழற்றியது எங்கோ தவறி விழுந்துவிட்டது. இரவு விடுதிக் கட்டணம் செலுத்தியபோது, வங்கியின் மறைச்சொல் பழைய எண்ணுக்கே சென்றது! அம்மா தம் அட்டையில் பணம் கட்டிய பிறகே அறை கிடைத்தது. அன்று கற்ற பாடங்கள் இவை:

1. தாய்நாட்டு சிம் அட்டையைக் கழற்றாதீர்கள். அதில் தரவு ரோமிங்கை மட்டும் நிறுத்துங்கள். கைப்பேசி ஏற்குமானால், வெளிநாட்டு இணையத்திற்கு இ-சிம் வாங்குங்கள்.

2. மொழிபெயர்ப்புச் செயலியில் ஜப்பானிய மொழியைப் புறப்படுமுன்பே பதிவிறக்குங்கள், இணையமின்றியும் உதவும்.

3. *#06# அழுத்தினால் தோன்றும் 15 இலக்க எண்ணைக் குறித்துவையுங்கள். கைப்பேசி தொலைந்தால் புகார் செய்யத் தேவைப்படும்.

4. ஜப்பானில் மின்னழுத்தம் 100 வோல்ட். செருகிக்கு இரண்டு தட்டை முனைகள். மின்னூட்டியில் ‘100–240’ என்றிருந்தால், செருகி மாற்றி மட்டும் போதும்.

5. பவர் பேங்கைக் கைப்பையில் வையுங்கள். சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியில்லை.

அங்கே காவல்துறைக்கு 110, ஆம்புலன்சுக்கு 119. இவற்றோடு அம்மாவின் எண்ணையும் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கைப்பேசி கைவிட்டாலும் தாள் கைகொடுக்கும், நண்பர்களே!